நோய் வந்த வீட்டில் விசுவாசம்: நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்

போன மாதம் எங்கள் வேலூரில், தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் அறைக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். செங்கம் பக்கத்துப் பையன், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கே தங்கியிருக்கிறான். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்து கோடு போட்ட நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். என்ன தம்பி எழுதுகிறாய் என்றேன்.

"அப்பா செஞ்ச பாவம், நான் செஞ்ச பாவம் எல்லாத்தையும் எழுதறேங்க ஐயா. ஒண்ணு விடாம ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணாத்தான் சுகம் வரும்னு ஜெபக் குழு அண்ணனுங்க சொன்னாங்க."

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. 19 வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு நோட்டு என் கையில் இருந்தது.

நோயாளிகளைப் போய்ப் பார்த்து ஜெபிக்கும் ஊழியத்தில் பல வருடமாக இருக்கிறேன். புதிதாகத் துன்பத்துக்குள் வருகிறவர்கள் நான் விழுந்த குழியிலேயே வந்து விழுகிறார்கள். ஜெபத்தை விடாதே, வேதம் வாசி, சபைக்குப் போ என்பதெல்லாம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, அந்தக் குழிகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நண்பர்களின் தீர்ப்பை ஆண்டவரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

என் மனைவிக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறையும் நோய் வந்தது. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கையை லேசாகப் பிடித்தாலே நீலம் பாய்ந்துவிடும். முதல் வாரம் நண்பர்கள் வந்தார்கள், கூடவே உட்கார்ந்தார்கள், ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் அவர்கள் பேச்சு மாறியது. என்னோடு ஒரே தெருவில் வளர்ந்த நண்பர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "வீட்ல ஏதோ மறைவான பாவம் இருக்குதுபா. தேடிப் பாரு" என்றார்.

நான் தேடினேன். இரவெல்லாம் உட்கார்ந்து நோட்டு முழுக்க எழுதினேன். பள்ளிக்கூடத்தில் திருடிய பேனா வரைக்கும் எழுதினேன். ஒவ்வொன்றாக அறிக்கை பண்ணினேன். மறுநாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண்ணிக்கை இன்னும் குறைந்திருந்தது. என் பக்கம் ஒன்றும் மிச்சம் இல்லை, அப்படியானால் பாவம் அவள் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மூக்கில் பஞ்சு வைத்துப் படுத்திருந்தவளிடம் போய், "என்கிட்ட ஏதாவது மறைக்கிறியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நீங்களுமா?" என்றாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருந்து வேலை செய்தது, அவள் எழுந்துவிட்டாள். ஆனால் அந்த ஒரு கேள்வியைத் திரும்ப எடுக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. அதன்பின் ரொம்ப நாள் நான் கண்மூடி ஜெபித்தால் அவள் கண் திறந்தே உட்கார்ந்திருப்பாள். நோய் அவள் விசுவாசத்தை அசைக்கவில்லை. அதை அசைத்தது நான். இன்றைக்கும் யாராவது நோயாளியின் கட்டிலருகே நின்று "பாவம்" என்று வாயைத் திறந்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

வேதத்தில் வரும் யோபுவின் கதையை எல்லோரும் கேட்டிருக்கிறோம், குற்றம் செய்யாமலே பெருந்துன்பம் பட்டவர். அவருடைய நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் முதல் ஏழு நாள் இராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அந்த ஏழு நாள்தான். வாயைத் திறந்ததும், நீ குற்றம் செய்யாமலா இது வந்தது என்று ஆரம்பித்துவிட்டார்கள். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. என் உத்தமத்தை விடமாட்டேன் என்றார். கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் கோபப்படுவது யார்மேல் என்று பாருங்கள். யோபுவைப்போல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று எலிப்பாசிடம் சொல்கிறார். ஆண்டவருக்காகப் பரிந்து பேசுகிறோம் என்று நினைத்தவர்களை ஆண்டவரே கண்டித்தார். அந்த 42ஆம் அதிகாரத்தை அன்றைக்கு நான் திறந்திருந்தால் நோட்டைத் திறந்திருக்க மாட்டேன்.

நம் ஊரில் எந்த மதத்துக்காரர் வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. ஒருவர் கர்மவினை என்பார், இன்னொருவர் அறிக்கை பண்ணாத பாவம் என்பார். தொழுநோய் வந்தவர்களை அப்படிச் சொல்லித்தான் காலங்காலமாக ஊருக்கு வெளியே வைத்தார்கள். அது ஒரு கிருமியால் வருவது என்று நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டார். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், அந்த நோயாளிகளின் விரல் குறைவது சதை தானாக அழுகுவதால் அல்ல என்று காட்டினார். உணர்ச்சி போன கையில் சூடும் வெட்டும் பட்டுத் தெரியாமல் போவதால்தான் அப்படி ஆகிறது. யாருடைய பாவம் என்று கேட்டவர்கள் ஆயிரம் பேர். அவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார்.

மனசாட்சி உறுத்தும் விஷயம் ஏதாவது இருந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள், அது வேறு. நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கத் தேடாதீர்கள். செங்கத்துப் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது எழுதிய பக்கங்களைக் கிழித்திருந்தான். மிச்ச நோட்டில் அப்பா குடித்த தண்ணீர் எத்தனை மில்லி, மாத்திரை எத்தனை மணிக்கு என்று குறித்து வைத்திருந்தான்.

பாதி வசனத்தைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வது

"அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்ற வசனத்தை எழுதிப் படுக்கைக்கு மேலே ஒட்டிவிடுவார்கள். யோபு அதோடு நிறுத்தவில்லை. ஆனாலும் என் வழிகளை அவருக்கு முன்பாக எடுத்து வாதிப்பேன் என்கிறார் அதே வசனத்தில். பிறந்த நாளையே சபித்தவர் அவர். அழுகை வந்தால் அழுங்கள், ஏன் என்று கேளுங்கள், ஆனால் அவரிடமே கேளுங்கள். ஆண்டவரிடம் சண்டை போடுகிறவன் அவரை விட்டுப் போய்விடவில்லை. பேச்சை நிறுத்தினவனைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஜெபிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஊர் இது.

சுகம் வருவதற்குள் சபையில் சாட்சி சொல்ல நாள் குறிப்பது

வேண்டாம்.

நண்பரோடு உறவை அறுத்துவிடுவது

வராந்தாவில் அப்படிச் சொன்ன நண்பரோடு ஆறு வருடம் நான் பேசவில்லை. காகிதப்பட்டறை மார்க்கமாக அவர் வந்தால் நான் தெரு மாறிப் போவேன். யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோதுதான் அவருடைய சிறையிருப்பு, அதாவது துன்ப நிலை, மாறியது என்று படிப்பேன், அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

அப்புறம் ஒருநாள் அவருடைய மகனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. என் மனைவிதான் எழுந்துபோய் இட்லி ஊற்றினாள், தூக்குச்சட்டியில் போட்டுக் கையில் கொடுத்தாள். வெளியே பெஞ்சில் அவர் ஒருவராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் இருவரும் பேசவில்லை. அவர்தான் கடைசியில், "நான் இன்னாபா பாவம் பண்ணேன்?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல. இட்லி ஆறிடும், சாப்பிடு" என்றேன்.