டிராக்டரில் ஏர் பிடித்தால்: டீசல் லைன், பிரேக் இரண்டிலும் காற்றை எடுப்பது எப்படி?

டீசல் தீர்ந்து நின்ற வண்டி, டேங்கை நிரப்பிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது ஃபில்டர் மாற்றிய கொஞ்ச நேரத்தில் இன்ஜின் திணறி அணைகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: லைனில் ஏர் பிடித்திருக்கிறது. டீசல் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். பம்ப் தள்ளும் அழுத்தத்தைக் குமிழி வாங்கிக்கொள்வதால், டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறப்பதில்லை.

வேலை டேங்கிலிருந்து இன்ஜினை நோக்கிப் போக வேண்டும். வரிசை மாறினால் பின்னால் இருக்கும் காற்று மறுபடி முன்னால் வந்து நிற்கும்.

1. ஃபில்டர், பம்ப் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைத்துவிடுங்கள். டேங்க் குழாயைத் திறங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.

2. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறிய பம்ப்) கை லீவரை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியும் டீசலும் கலந்து வரும், கடைசியில் தெளிந்த டீசல் இழையாக வழியும். அந்த இழை அறுபடாமல் வரும்போதே ஸ்க்ரூவை முடுக்குங்கள். இரண்டு ஃபில்டர் இருந்தால் டேங்குக்கு அருகில் உள்ளது முதலில்.

லீவர் கனமே இல்லாமல் தொளதொளவென்று ஆடுகிறதா? பம்ப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே கேம் (இன்ஜினோடு சுற்றி பம்பை இயக்கும் மேடு) அதைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்ப அடித்துப் பாருங்கள். இது தெரியாமல் நான் ஒரு நாள் முழுவதும் வீணாக்கியிருக்கிறேன்.

3. இன்ஜெக்ஷன் பம்பின் ஏர் ஸ்க்ரூவிலும் இதையே செய்யுங்கள்.

4. இன்னும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் நாபை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றாமல், இடையில் ஓய்வு கொடுங்கள். டீசல் துடித்து வந்ததும் முடுக்கிவிடுங்கள். அந்த நட்டுக்கு நேரே கையோ முகமோ போகக் கூடாது; அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசல் போவது) என்றால் இந்தப் படியைத் தொடவே வேண்டாம்.

மறுநாளே திரும்ப ஏர் பிடித்தால், எங்கோ உறிஞ்சுகிறது. பழைய செப்பு வாஷர், வெடித்த ரப்பர் ஹோஸ் இரண்டையும் முதலில் சந்தேகியுங்கள்.

பிரேக்குக்கு வருவோம். பல டிராக்டர்களில் பிரேக் கம்பியால் இயங்குவது. அதில் ஏர் எடுக்க ஒன்றுமில்லை. ஹைட்ராலிக் பிரேக்கில் பெடல் பஞ்சுபோல அமுங்கினால்தான் இந்த வேலை. துணைக்கு ஒருவர் வேண்டும். வண்டி நகராமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பிரேக்கில் காற்றை வெளியேற்ற உள்ள சிறிய திருகான நிப்பிளில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வையுங்கள். அவர் பெடலை நான்கைந்து முறை மிதித்து அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் நிப்பிளை அரைச் சுற்று திறந்து மூடுங்கள். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இதையே செய்து, மறுபக்கத்துக்கும் போங்கள். இடையிடையே வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள்.

கையேட்டில் சொன்ன ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். மினரல் ஆயில் கேட்கும் வண்டியில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

பெடல் கெட்டியானதும் சாலைக்குப் போய்விடாதீர்கள். சமதரையில் மெதுவாக ஓட்டி, இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் சேர்த்து மிதித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள்.