ஜாவா 8-ஐ விட்டு 17-க்குப் போனதும் ஜார் ஏன் ‘காணாமல்’ போகிறது?

நேற்றுவரை ஜாவா 8-இல் ஓடிய புரோகிராம், 17-ஐ இன்ஸ்டால் செய்ததும் மைஎஸ்க்யூஎல் டிரைவரைக் காணோம் என்று நின்றுவிடும். புதிதாகக் கற்பவர்கள் உடனே டிரைவரின் ஜாரை (கிளாஸ்களைக் கட்டி வைத்த ஃபைலை) மறுபடி டவுன்லோடு செய்வார்கள், இல்லையென்றால் எக்லிப்ஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். இரண்டாலும் பலன் இல்லை. ஜார் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. ஜாவா இப்போது அங்கே போய்த் தேடுவதில்லை.

கிளாஸ் பெயரில் எழுத்துப்பிழை, இம்போர்ட் விட்டுப்போனது போன்றவற்றை எரர் மெசேஜே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை இங்கே தொடவில்லை.

எக்ஸ்ட் ஃபோல்டரில் ஜாரைப் போடுவது

‘ஜேஆர்இ-க்குள் லிப், அதற்குள் எக்ஸ்ட். ஜாரை அங்கே போட்டுவிட்டால் கிளாஸ்பாத் தொல்லையே இல்லை.’ ஜேஆர்இ என்பது ஜாவா புரோகிராமை ஓட்டும் தொகுப்பு, கிளாஸ்பாத் என்பது கிளாஸ்களை ஜாவா தேடும் இடங்களின் பட்டியல். இந்த யோசனை பழைய லேப் நோட்டுகளிலிருந்து இன்னும் காப்பியாகிக்கொண்டே வருகிறது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. 2017-இல் வந்த ஜாவா 9 அந்த வசதியையே எடுத்துவிட்டது. பழைய ஜேடிகே-யை (கம்பைலரும் சேர்ந்த ஜாவா தொகுப்பை) அன்இன்ஸ்டால் செய்தால் அங்கே கிடந்த ஜார்கள் அநாதையாகும். எந்தெந்த ஜாரை அங்கே போட்டோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

சிலர் விடுவதில்லை. 17-இன் லிப் ஃபோல்டருக்குள் தாங்களே எக்ஸ்ட் என்று ஒன்றை உருவாக்கி ஜாரைப் போடுகிறார்கள். அதோடு அந்த மெஷினில் ஜாவாவே கிளம்பாது. எக்ஸ்டென்ஷன் முறை இப்போது இல்லை, கிளாஸ்பாத்தைப் பயன்படுத்து என்று சொல்லிவிட்டு ஜாவா விர்ச்சுவல் மெஷின் நின்றுவிடும். வெர்ஷன் என்ன என்று கேட்டால்கூட அதே பதில்தான். ஃபோல்டரை நீக்கினால் சரியாகிவிடும். ஆனால் பலர் அந்த மெசேஜைப் படிக்காமல் ஜேடிகே கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

8-இலேயே இது தப்பான வழிதான். பூட்ஸ்ட்ராப், எக்ஸ்டென்ஷன், அப்ளிகேஷன் என்று மேலிருந்து கீழாக மூன்று கிளாஸ் லோடர்கள் (கிளாஸைத் தேடி ஏற்றுபவை). அப்ளிகேஷன் லோடர் தன்னிடம் தேடுமுன் மேலே இருப்பவர்களிடம் கேட்கும். ஆகவே சர்வரின் எக்ஸ்டில் ஜிசான் லைப்ரரியின் பழைய ஜார் ஒன்று கிடந்தால், கிளாஸ்பாத்தில் எவ்வளவு புதியதை வைத்தாலும் பழையதுதான் லோடாகும். உங்கள் மெஷினில் ஓடும். சர்வரில் ‘நோ சச் மெத்தட் எரர்’ வரும். கோடில் தேடினால் எதுவும் கிடைக்காது, தவறு கோடில் இல்லையே.

மறுபக்கமும் அடி உண்டு: எக்ஸ்டில் இருக்கும் கிளாஸால் கிளாஸ்பாத்தில் இருப்பதைப் பார்க்க முடியாது. லாக் எழுத உதவும் எஸ்எல்எஃப்4ஜே 1.7 எக்ஸ்டிலும், அதற்குப் பின்னால் உண்மையில் எழுதும் லாக்பேக் கிளாஸ்பாத்திலும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் பைண்டர் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு லாக் மொத்தமும் அடங்கிவிடும். போதாக்குறைக்கு விண்டோஸில் ஜேடிகே-க்குள் ஒரு ஜேஆர்இ, வெளியே தனியாக ஒன்று. ஜார் ஒன்றில், ஓட்டுவது மற்றொன்றில்.

8-ஐ நீக்குமுன் அந்த எக்ஸ்டைத் திறந்து பாருங்கள். நாஷார்ன், லோகேல்டேட்டா, சிஎல்டிஆர்டேட்டா, சன்இசி, ஜிப்எஃப்எஸ் போன்றவை ஜேடிகே-யோடு வந்தவை. டேட்டாபேஸ் டிரைவர், ஜிசான், லாக் லைப்ரரி என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது யாரோ போட்டது. அதை புராஜெக்ட் ஃபோல்டருக்குள் லிப் என்று ஒரு ஃபோல்டர் திறந்து வையுங்கள். புராஜெக்ட் ஃபோல்டரில் நின்றுகொண்டு, விண்டோஸில் (-சிபி என்பது கிளாஸ்பாத்; பில்மெயின் இருக்கும் இடத்தில் உங்கள் மெயின் கிளாஸ் பெயர்; தட்டுவது ஆங்கில எழுத்தில்):

ஜாவா -சிபி ".;லிப்/*" பில்மெயின்

லினக்ஸில் செமிகோலனுக்குப் பதில் கோலன்:

ஜாவா -சிபி ".:லிப்/*" பில்மெயின்

கம்பைல் செய்யும்போதும் இதே -சிபி வேண்டும். டபுள் கோட்ஸ் அழகுக்காக அல்ல. பவர்ஷெல் செமிகோலனைக் கண்டதும் கமாண்ட் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் கோட்ஸ் இல்லாமல் லிப்/* என்று மட்டும் கொடுத்தால் ஷெல் அதை ஜார் பெயர்களாக விரித்துவிடும். இரண்டாவது ஜாரின் பெயரை மெயின் கிளாஸ் என்று நினைத்து ஜாவா தேடும்.

எந்த ஜாரிலிருந்து எந்த கிளாஸ் வந்தது என்று சந்தேகம் வந்தால் -வெர்போஸ்:கிளாஸ் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு கிளாஸும் லோடான இடம் வரிவரியாக வரும்.

ஸ்டாருக்குப் பின்னால் .ஜார் என்று எழுதுவது

வேண்டாம். வெறும் ஸ்டார் போதும். சப்ஃபோல்டருக்குள் அது போகாது.

-ஜார் போட்டுவிட்டு -சிபி-யும் கொடுப்பது

-ஜார் இருந்தால் -சிபி-யை ஜாவா கண்டுகொள்ளாது, எச்சரிக்கவும் செய்யாது. ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற விவர ஃபைலில் கிளாஸ்-பாத் வரி எழுதவேண்டும். ஜார் பெயர்களுக்கு நடுவே ஸ்பேஸ்தான். செமிகோலனும் இல்லை, கோலனும் இல்லை. பாதை உங்கள் ஜார் இருக்கும் இடத்திலிருந்து கணக்காகும், நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து அல்ல. கடைசி வரிக்குப்பின் ஒரு என்டர் தட்டாவிட்டால் அந்த வரி சேராமல் போகலாம்.

கிளாஸ்பாத் என்விரான்மென்ட் வேரியபிள்

வைக்காதீர்கள். இருந்தால் நீக்குங்கள்.

கம்பைல் ஒன்றில், ரன் இன்னொன்றில்

எரரில் 61, 52 என்று எண்கள் தெரிந்தால், 17-இல் கம்பைல் செய்ததை 8-இல் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். பில்ட் செய்யும் கருவியான மேவன் பார்ப்பது ஜாவா ஹோம் என்விரான்மென்ட் வேரியபிளை, டெர்மினல் பார்ப்பது பாத் வேரியபிளை. ஒன்றை மாற்றி மற்றதை மறப்பதுதான் வழக்கம். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ‘வேர் ஜாவா’, லினக்ஸில் ‘விச் ஜாவா’ என்று கேட்டால் எது ஓடுகிறதென்று தெரியும்.

8-இல் ஓடவேண்டிய ஜாரை 17-இல் கம்பைல் செய்ய -சோர்ஸ், -டார்கெட் இரண்டும் போதாது. --ரிலீஸ் 8 கொடுங்கள். இல்லையென்றால் பைட்பஃபரின் ஃப்ளிப் மெத்தட் போன்றவை காலை வாரும். 9-இல் அதன் ரிட்டர்ன் டைப் மாறியதால், கம்பைல் சுத்தமாக முடிந்தும் 8-இல் ஓட்டும்போது அந்த மெத்தடே இல்லை என்று விழும்.

ஜாக்ஸ்பி-யின் புத்தம்புது வெர்ஷனைச் சேர்ப்பது

எக்ஸ்எம்எல்-ஐ ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றித்தரும் ஜாக்ஸ்பி, ஜாவா 11-இல் ஜேடிகே-யை விட்டு வெளியேறிவிட்டது. உடனே 4 வெர்ஷனை இழுத்துப்போடுவார்கள், எரர் அப்படியே இருக்கும். 3 முதல் பேக்கேஜ் பெயர் ஜகார்த்தா என்று தொடங்குகிறது. உங்கள் கோடில் இருப்பது ஜாவாஎக்ஸ். கோடைத் தொடாமல் ஓடவேண்டும் என்றால் 2.3 வரிசையை எடுங்கள். ஏபிஐ ஜார் மட்டும் போதாது, இம்ப்ளிமென்டேஷனும் வேண்டும்.

--ஆட்-ஓப்பன்ஸை வரியின் கடைசியில் ஒட்டுவது

ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே கிளாஸின் உள்ளமைப்பைத் துழாவும் வழி) மூலம் ஜேடிகே-யின் உள்ளே கை விடும் பழைய லைப்ரரிகள் 17-இல் ‘இன்ஆக்ஸஸிபிள் ஆப்ஜெக்ட்’ எக்செப்ஷனில் விழும். அதற்கான ஆப்ஷனை மெயின் கிளாஸ் பெயருக்குப் பின்னால் எழுதினால் அது புரோகிராமின் ஆர்க்யூமென்டாகப் போய்ச்சேரும். மெயின் கிளாஸுக்கோ -ஜாருக்கோ முன்னால் வரவேண்டும். அதற்கும் முன், லைப்ரரிக்குப் புது வெர்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இந்த ஆப்ஷனே தேவைப்படாது. கெட்டர், செட்டர் போன்றவற்றைத் தானே எழுதித்தரும் லாம்போக் என்றால் 17-க்குக் குறைந்தது 1.18.22, 21-க்கு 1.18.30.