ஒரு கையைத் தொட்டுப் பார்த்தே எலும்பும் மூட்டும் கற்கலாம்

வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள். படத்தைப் பார்த்துப் பெயர்களை உருப்போட்டால் தேர்வோடு மறந்துபோகும். அதைவிட நல்ல வழி, உங்கள் கையையே பாடமாக எடுத்துக்கொள்வது. எலும்பின் வடிவம் எப்படியோ அப்படித்தான் மூட்டு அசையும். இது பிடிபட்டால் பெயர்கள் தாமாக நிற்கும்.

அரைக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஒரு ஸ்கெட்ச் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையால் இடது கையைத் தொடுங்கள். வலியோ வீக்கமோ உள்ள இடத்தை அழுத்த வேண்டாம்.

படி 1: தோள்

தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் புடைத்திருப்பது காறை எலும்பின் உள்முனை. அதில் விரலை வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்குங்கள், முனை அசையும். கை உடம்போடு எலும்பாகச் சேர்வது இந்த ஒரே இடத்தில்தான். மற்றபடி தோள்பட்டையைத் தாங்குவது தசைகளே.

காறை எலும்பின் மேலேயே வெளிப்பக்கம் தடவிக்கொண்டு போனால் தோள் உச்சி வரும். அதற்குக் கீழே, தசைக்கு அடியில் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு. இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் இருக்கிறது; தோளிலோ குழிக்கு ஆழமே இல்லை. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் பெரிய மூட்டுகளில் தோள்தான் அடிக்கடி நழுவுகிறது.

படி 2: முழங்கை

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். கையைச் செங்கோணத்தில் மடக்கி, பின்பக்கத்தில் மூன்று மேடுகளைத் தேடுங்கள். நடுவில் உள்ள முனை அல்னா எலும்புடையது; முன்னங்கையின் இரண்டு எலும்புகளில் சுண்டுவிரல் பக்கம் இருப்பது அது. இரு பக்க மேடுகளும் மேற்கை எலும்பான ஹியூமரஸின் கீழ்நுனி. மூன்றிலும் புள்ளி வைத்தால் முக்கோணம் கிடைக்கும். கையை நீட்டினால் மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும். முழங்கை நழுவினால் இந்த முக்கோணம் குலையும். அதற்குச் சற்று மேலே ஹியூமரஸ் முறிந்தால் பெரும்பாலும் குலையாது. மருத்துவர் விரலால் தடவியே இதை ஊகிப்பார்.

உள்பக்க மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே இடித்தால் சுண்டுவிரல் வரை ‘சுரீர்’ என்று ஷாக் அடிப்பது நரம்பால், எலும்பால் அல்ல.

படி 3: முன்னங்கை

முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டு வரை தடவுங்கள். தோலுக்கு அடியிலேயே அல்னா முழுநீளமும் தட்டுப்படும். இனி முழங்கையின் வெளிமேட்டுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். உள்ளே உருள்வது, முன்னங்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள எலும்பான ரேடியஸின் தலை. இதுதான் முளை மூட்டு: அல்னா ஏறக்குறைய அசையாமல் நிற்க, ரேடியஸ் அதன்மேல் குறுக்கே புரள்கிறது.

அந்தத் தலையை ஒரு நார் வளையம் பிடித்து வைத்திருக்கிறது. சின்னக் குழந்தையை ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் தலை வளையத்திலிருந்து நழுவிவிடும். குழந்தையைத் தூக்கும்போது தயவுசெய்து அக்குளில் கைகொடுத்துத் தூக்குங்கள்.

படி 4: மணிக்கட்டு

இங்கே எட்டுச் சிறிய எலும்புகள். எல்லாவற்றையும் தேட வேண்டாம், ஒன்று போதும். கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில், இரண்டு நாண்களுக்கு நடுவே குழி விழும். குழியின் அடித்தளத்தில் இருப்பது ஸ்கஃபாய்டு. கையை ஊன்றி விழுந்த பிறகு இந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? ‘சுளுக்குதான்’ என்று எண்ணெய் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். இந்த எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம்.

படி 5: விரல்கள்

விரலின் நடுக் கணுக்கள் கீல் மூட்டுகள். மடங்கும், நீளும், அவ்வளவே. கட்டைவிரலின் அடியில், குதிரைச் சேணம் போல வளைந்து பொருந்தும் சேண மூட்டு இருப்பதால்தான் அது சுண்டுவிரல் நுனியைத் தொடுகிறது.

இப்போது ஒரு சோதனை. விரல்களை நீட்டி அகல விரியுங்கள், எளிதாக விரியும். உள்ளங்கையோடு சேரும் கணுவில் விரல்களைச் செங்கோணமாக மடக்கி, மறுபடியும் விரித்துப் பாருங்கள். அநேகமாக முடியாது. அங்குள்ள எலும்புத் தலை முழு உருண்டை அல்ல; மடக்கும்போது பக்கவாட்டு நார்கள் இழுபட்டு இறுகிவிடுகின்றன. உள்ளங்கை எலும்பு முறிந்தால் இந்தக் கணுவை மடக்கிய நிலையில் கட்டுப்போடுவது இதற்காகத்தான். நீட்டியபடி வாரக்கணக்கில் விட்டால் தளர்ந்த நார்கள் சுருங்கி, பிறகு விரல் மடங்க மறுக்கும்.