வெயிலால் மண்ணைத் தொற்றுநீக்குதல்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

வாடி நிற்கும் கத்தரிச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் முழுவதும் குரக்கன் மணியளவிலும் அதைவிடப் பெரிதாகவும் முடிச்சுகள் இருந்தால், அந்தத் தறையில் வேர்முடிச்சு வட்டப்புழு என்னும் நுண்புழு குடியேறிவிட்டது. இரசாயனம் பாவிக்காத தோட்டத்தில் இதற்கும், நாற்றழுகலை உண்டாக்கும் மண் பூஞ்சணங்களுக்கும், களை விதைகளுக்கும் எதிராக நான் முதலில் பரிந்துரைப்பது, ஈரமண்ணை நிறமற்ற பொலித்தீனால் மூடி வெயிலில் வேகவிடும் முறையையே. யாக்கோவ் கத்தானும் அவருடைய சக ஆய்வாளர்களும் இஸ்ரேலில் செய்து 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் மூலம் இம்முறை உலகெங்கும் அறியப்பட்டது. புதிதாகச் செய்பவர்கள் முழுத் தோட்டத்தையும் மூடாமல், ஒரு நாற்றுமேடையிலோ இரண்டு பாத்திகளிலோ தொடங்குவது நல்லது.

காலத்தைத் தெரிவதே முதல் வேலை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில் நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். ஆகவே மாரி வெங்காயத்தைப் பிடுங்கிய தறையைப் பங்குனி நடுவில் மூடி, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுக்குமுன் வைகாசித் தொடக்கத்தில் திறப்பது எமக்குப் பொருத்தமானது. காற்று பலமாக வீசினால் பொலித்தீன் கிழிவதோடு, மண்ணில் சேர்ந்த சூடும் குறைந்துவிடும்.

அடுத்து, பழைய வேர்களையும் களைகளையும் அகற்றி, கட்டிகளை உடைத்து, பாத்தியை நன்றாக மட்டப்படுத்துங்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் செம்மண்ணில் அகப்படும் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பொறுக்கி எடுக்காவிட்டால் அவை பொலித்தீனைக் குத்திவிடும். மேடுபள்ளம் இருந்தாலோ மண்ணுக்கும் பொலித்தீனுக்கும் இடையில் காற்று தங்கி, வெப்பம் கீழே இறங்குவதைத் தடுக்கும். ஓரங்கள் எப்போதும் சூடு குறைந்தே இருப்பதால், பாத்தி 75 சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலத்தில் இருக்கட்டும். கழிவாகக் கிடக்கும் கோவா இலைகளை நறுக்கி மண்ணில் கலந்தால், அவை அழுகும்போது வெளிவரும் வாயுக்கள் பொலித்தீனுக்குக் கீழே அடைபட்டு நோய்க்கிருமிகளை மேலும் நலிவுறச் செய்யும்.

இனி நீர். பலர் குறைவாகச் செய்வது இதைத்தான். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழம்வரை ஊறும்படி இறைத்துவிட்டு, மேற்பரப்பின் சேறு சற்று இறுகியதும் மூட வேண்டும். ஈரமண் வெப்பத்தைக் கீழே கடத்தும். உறங்கிக் கிடக்கும் பூஞ்சண வித்திகளும் களை விதைகளும் ஈரத்தில் விழித்துக்கொள்வதால், உலர்ந்த நிலையில் தாங்கக்கூடிய சூட்டைக்கூட அவற்றால் தாங்க முடியாமற் போகும்.

பொலித்தீன் கண்ணாடிபோல் தெளிவாக, 25 தொடக்கம் 50 மைக்ரோன் தடிப்பில் இருக்க வேண்டும். கறுப்புப் பொலித்தீன் வெயிலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மண்ணுக்குச் சேர்வது குறைவு. பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, பொலித்தீனைச் சுருக்கமின்றி இழுத்து, விளிம்புகளை அதற்குள் விட்டு மண்ணால் மிதித்து மூடுங்கள். மறுநாட் காலையில் பொலித்தீனின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் அரும்பியிருந்தால் மூடியது சரி. ஒரு மூலை மட்டும் தெளிந்து உலர்ந்து கிடந்தால், அங்கே காற்றுப் போகிறது என்று அறிந்து அடைத்துவிடுங்கள்.

குறைந்தது நான்கு தொடக்கம் ஆறு வாரம் அப்படியே விட வேண்டும். நாயும் கோழியும் ஏறாமல் பனையோலையால் சுற்றி மறைப்புக் கட்டலாம், ஆனால் நிழல் விழக்கூடாது. சித்திரை மழை பெய்து மேலே நீர் தேங்கினால் அன்றே வழித்து அகற்றுங்கள்; ஓட்டைகளை ஒட்டும் நாடாவால் ஒட்டுங்கள்.

திறந்தபின் மண்ணை ஆழமாகக் கொத்தவே கூடாது. நல்ல வெயிலில் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் 50 பாகை செல்சியசை அண்மிக்கும் வெப்பம், கீழே போகப்போகக் குறைந்துவிடுகிறது. இதை அறியாமல் முதல்முறை நான் வழக்கம்போல மண்வெட்டியால் ஒரு முழத்துக்குக் கொத்தினேன். அடியில் தப்பியிருந்த விதைகள் மேலே வந்து, பாத்தி முழுவதும் களை முளைத்தது. இப்போது கையால் சிறு குழி தோண்டி நாற்றை வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த நாற்றும் தொற்றுநீக்கிய மேடையில் வளர்ந்ததாகவே இருக்க வேண்டும். நோயுள்ள தறையில் பாவித்த மண்வெட்டியைக் கழுவாமல் இங்கே கொண்டுவராதீர்கள்.

கோரைக் கிழங்கு இதற்கு அடங்காது; அதைத் தோண்டி எடுக்கத்தான் வேண்டும். வட்டப்புழுவும் ஆழத்திலிருந்து மெல்லத் திரும்பி வரும் என்பதால், ஒரு போகத்துக்குப் பயன் கிடைத்தால் போதுமென்று கொண்டு, அடுத்த போகத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் என்று ஒரே குடும்பப் பயிர்களையே தொடர்ந்து நடாமல் மாற்றி நடுங்கள். வெண்ஈ போன்ற பறக்கும் பூச்சிகளுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

கழற்றிய பொலித்தீனை எரிக்க வேண்டாம். மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்திச் சுருட்டி வைத்தால், கிழியாத துண்டுகள் அடுத்த பங்குனியில் நாற்றுமேடைக்கு உதவும்.