ஊருக்குப் போய் கார், வான் எடுத்து ஓடுறவைக்கு: றோட்டில எப்பிடி ஓடுறது, வாகனத்தை எங்க விடுறது

லீவுக்கு யாழ்ப்பாணம் போய் வாடகைக்கு கார் எடுத்து நாங்களே ஓடுவம் எண்டு நினைக்கிறவை இப்ப கனபேர். நல்ல விசயம்தான், சொந்தக்காரர் ஒவ்வொருத்தரையும் பாக்கப் போறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஓட்டோ தேடத் தேவையில்லை. ஆனா அங்கத்தைய ஆக்கள் எப்பிடி ஓடுவினம், என்ன சிக்னலுக்கு என்ன அர்த்தம், வாகனத்தை எங்க விடலாம், எங்க விடக்கூடாது எண்டு தெரியாமப் போனா உங்களுக்கும் கரைச்சல், அந்த ஊர்ச் சனத்துக்கு அதை விடக் கரைச்சல். இரண்டாவதைத்தான் நான் கூடச் சொல்லப் போறன், ஏனெண்டா அதைப் பற்றி ஆரும் கதைக்கிறேல்லை.

முதல்ல லைசன்ஸ். கனடாவிலயோ லண்டனிலயோ எடுத்த இன்டர்நேஷனல் பெர்மிட்டைக் கையில வச்சுக்கொண்டு நேர ஓட வெளிக்கிடாதேங்கோ, அது மட்டும் காணாது. கொழும்பில இருக்கிற ஓட்டோமொபைல் அசோசியேஷனில அதுக்கு ஒரு அனுமதி எடுக்கவேணும், இல்லாட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில தற்காலிக லைசன்ஸ் எடுக்கவேணும். வெளிநாட்டு பாஸ்போட்டில வாறவைக்கு இந்தத் தற்காலிக லைசன்ஸைக் குடுக்க 2025 ஆகஸ்ட்டில கட்டுநாயக்க எயார்போட்டிலயே ஒரு கவுண்டர் திறந்தவை. இதுகள் மாறுறபடியா ரிக்கெட் போடேக்கயே ஒருக்கா விசாரிச்சு வையுங்கோ. பொலிஸ் மறிச்சா லைசன்ஸோட வாகனத்தின்ர இன்சூரன்ஸ், வரிப்பத்திரம் எல்லாம் கேப்பினம், சாவி வாங்கேக்கயே அதுகள் டாஷ்போர்டுக்குள்ள கிடக்கோ எண்டு திறந்து பாருங்கோ.

கனடா, சுவிஸ், பிரான்ஸ், நோர்வே ஆக்களுக்கு இடப்பக்கம் ஓடுறது புதுசு, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒண்டு சொல்லுறன். இலங்கையில ஓடுற கார் கனக்க ஜப்பான் கார். அதில சிக்னல் போடுற தடி ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருக்கும், வைப்பர் இடப்பக்கம். அதால லண்டனில இடப்பக்கமே ஓடிப் பழகினவைக்கும் சந்தியில திரும்பேக்க சிக்னலுக்குப் பதிலா வைப்பர்தான் ஆடும், பின்னால வாற மோட்டச்சைக்கிள்காரன் நீங்கள் நேர போறியள் எண்டு நினைச்சு முந்துவான். கார் எடுத்த அண்டைக்கு பின்னேரம் ஒரு வெறுமையான ஒழுங்கையில கொஞ்ச நேரம் ஓடிப் பழகிப்போட்டு ரவுணுக்குப் போங்கோ.

அடுத்தது ஹெட்லைட் அடிக்கிறது. இதை நல்லா மனசில வையுங்கோ. லண்டனில முன்னால வாறவர் லைட்டை அடிச்சா "நீங்கள் போங்கோ" எண்டு அர்த்தம் எடுப்பம். ஊரில அதுக்கு நேர் எதிர், "நான் வாறன், நீ நில்லு" எண்டுதான் அவர் சொல்லுறார். நீங்கள் நன்றி சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு வலப்பக்கம் திருப்பினா அவர் வந்து நேர இடிப்பார், அவரிலயும் பிழை சொல்லேலாது.

ஹோர்ண் அடிச்சா கோவப்படாதேங்கோ. அங்க ஹோர்ண் எண்டது கனநேரம் "பின்னால நான் நிக்கிறன், முந்தப் போறன்" எண்டு சொல்லுறது, உங்களைத் திட்டுறேல்லை. சைக்கிளில போற வயசுபோன ஐயாவை முந்தேக்க நீங்களும் தூரத்திலயே மெல்ல ஒருக்கா அடிக்கிறது நல்லது, கிட்டப் போய் பலமா அடிச்சா அந்த மனுசன் பயந்து றோட்டுக்கு நடுவில வந்திடுவார்.

எரிச்சல் வாற பழக்கங்கள் இல்லாம இல்லை. ஏ9 இல, அதுதான் கண்டி–யாழ்ப்பாணம் பெரிய றோட்டில, பஸ்காரர் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு உங்கட லைனுக்குள்ளயே நேர வருவினம். அந்த இடத்தில எனக்குத்தான் உரிமை எண்டு நிக்காதேங்கோ, வேகத்தைக் குறைச்சு இடப்பக்கக் கரைக்கு இறங்குங்கோ. டிப்பருக்கும் இதேதான். ரயில் கடவை பூட்டினா எதிர்ப்பக்க லைனையும் அடைச்சுக்கொண்டு முன்னுக்குப் போய் நிப்பினம், கேற் திறந்தா இரண்டு பக்கமும் முகத்துக்கு முகம் பாத்துக்கொண்டு ஒருத்தரும் அசையேலாது. அதைப் பாத்து நீங்களும் போய் நிக்காதேங்கோ, உங்கட வரிசையில நில்லுங்கோ. கேற் இல்லாத கடவையளும் இருக்கு, அங்க கண்ணாடியை இறக்கி, பாட்டை நிப்பாட்டி, இரண்டு பக்கமும் பாத்துக் கேட்டுப்போட்டுத்தான் கடக்கவேணும். இரவில லைட் இல்லாத சைக்கிள், லாண்ட்மாஸ்டர் எண்ட இரண்டு சில்லு உழவு மிசின், றோட்டில படுத்திருக்கிற மாடு இதுகளை எதிர்பாத்துத்தான் ஓடவேணும், ஊர் றோட்டில மணிக்கு 50 கிலோமீற்றர்தான் லிமிட், இரவில அதுவே கூடின வேகம்.

இனி பார்க்கிங். உண்மையைச் சொன்னா வெளிநாட்டு ஆக்களில ஊர்ச்சனம் கோவப்படுறது கனக்க இதாலதான்.

எங்கட ஒழுங்கையள் சைக்கிளுக்கும் மாட்டுவண்டிலுக்கும் வச்ச அகலம். இப்ப இரண்டு பக்கமும் மதில் வேற. அதுக்குள்ள ஒரு பெரிய வானைக் கொண்டுபோய் மாமி வீட்டு வாசலில விட்டிட்டு உள்ள போய் சாப்பிட்டுக் கதைச்சு இரண்டு மணித்தியாலம் இருந்தா, அந்த ஒழுங்கையில இருக்கிற மிச்ச வீட்டுக்காரர் எப்பிடி வெளிய போறது? ஒருத்தர் வந்து சொல்லவும் மாட்டார், "வெளிநாட்டில இருந்து வந்த பிள்ளையள், பாவம்" எண்டு பொறுத்துக்கொண்டு மோட்டச்சைக்கிளை மதிலோட உரசி எடுத்துக்கொண்டு போவார். அவர் ஒண்டும் சொல்லாததால அவருக்குப் பிரச்சினை இல்லை எண்டு நினைக்கக்கூடாது. வானைப் பெரிய றோட்டில, சந்தியில இருந்து தள்ளி விட்டிட்டு நடந்து போங்கோ. வயசுபோன ஆக்கள் இருந்தா அவையளை வாசலில இறக்கிப்போட்டு வாகனத்தைத் திருப்பி வெளிய கொண்டுவாங்கோ. இல்லாட்டி வளவுக்குள்ள விடலாமோ எண்டு கேளுங்கோ, சந்தோசமாப் படலையைத் திறந்து விடுவினம். வளவுக்குள்ள விடேக்க மேல பாருங்கோ, தென்னைக்குக் கீழ விடாதேங்கோ, ஆடி ஆவணியில போறவை பனைக்குக் கீழயும் விடக்கூடாது, அது பனம்பழம் விழுற காலம்.

அடுத்த வீட்டுப் படலைக்கு முன்னால "ஐஞ்சு நிமிசம்தானே" எண்டு விடுறது இன்னும் மோசம். அந்த வீட்டில ஒரு நோயாளி இருக்கலாம், அம்புலன்ஸ் வரவேண்டி வரலாம். வேற இடமே இல்லையெண்டா அந்த வீட்டில போய்ச் சொல்லிப்போட்டு விடுங்கோ. எங்க விட்டாலும் உங்கட உள்ளூர் போன் நம்பரை ஒரு பேப்பரில பெருசா எழுதி முன் கண்ணாடிக்குள்ள வச்சிட்டுப் போங்கோ, வெளிநாட்டு நம்பருக்கு அவையள் அடிக்க மாட்டினம்.

செத்தவீடு, கல்யாண வீடு எண்டா றோட்டின்ர இரண்டு பக்கமும் வாகனம் நிறைஞ்சிடும். ஒரு பக்கம் ஏற்கெனவே விட்டிருந்தா நீங்களும் அதே பக்கம் பின்னால கொண்டுபோய் விடுங்கோ, எதிர்ப்பக்கம் விட்டா நடுவில பஸ் போகாது.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுத்தின வீதியளை வாகனத்துக்குப் பூட்டிடுவினம், மண் போட்டிருக்கும், சனம் அதில அங்கப்பிரதட்சணம் செய்யும். தடுப்பில நிக்கிற ஆக்களோட "நாங்கள் வெளிநாட்டில இருந்து வந்தனாங்கள், அம்மாவுக்கு நடக்க ஏலாது" எண்டு வாக்குவாதப்படாதேங்கோ, அவையளுக்கும் அதே வயசில அம்மா இருக்கு. ஓட்டோவில தடுப்பு மட்டும் வந்து இறங்குறது சுகம். தேர், தீர்த்தம் அண்டைக்கு காரை வீட்டில விட்டிட்டே வாங்கோ.

ரவுணுக்குள்ள ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் காரில போய் நகைக்கடை வாசலிலயே இறங்கோணும் எண்டு நிக்காதேங்கோ, இடம் கிடையாது, ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போற வாகனங்களும் அந்தப் பக்கத்தாலதான் போகுது. கொழும்பில வெள்ளவத்தையில காலி வீதிக்கு இறங்குற ஒழுங்கையள் எல்லாம் தொடர்மாடி பிளட்ஸ்காரரின்ர வாகனத்தால நிறைஞ்சிருக்கும், வாச்சரிட்ட கேட்டுப்போட்டு விடுங்கோ. றோட்டோரத்தில மெஷினோட நிக்கிறவர் ரிக்கெட் தந்தா காசைக் குடுத்து ரிக்கெட்டை வாங்கி வையுங்கோ, அதுக்குச் சில்லறை வச்சிருக்கவேணும்.

மண்டபத்தில, சாப்பாட்டுக் கடையில "வரட்டும் வரட்டும்" எண்டு பின்னுக்கு எடுக்கச் சொல்லுற அண்ணைமார் நல்ல உதவி. ஆனா அவர் பாக்கிறது ஒரு பக்கம்தான், கண்ணாடியளை நீங்களும் பாருங்கோ, பிறகு தட்டுப்பட்டா அந்த மனுசனைப் பேசாதேங்கோ. மாரியில, அதுதான் டிசம்பர் லீவுக்குப் போறவை, வெள்ளம் நிக்கிற கரையில விடவே கூடாது, கீழ வாய்க்கால் இருக்கும், தெரியாது.

பிள்ளையளுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. கனடாவில கரைப்பக்கம் எண்டா வலப்பக்கக் கதவு. ஊரில வலப்பக்கக் கதவு றோட்டுக்குள்ள திறக்கும். பழக்கத்தில பிள்ளை கதவைத் தள்ள, பின்னால வாற சைக்கிள்காரர் அதில அடிபட்டு விழுவார். இடப்பக்கத்தாலதான் இறக்கம் எண்டு முதல் நாளே பழக்குங்கோ.

ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு ஒழுங்கையில அரை மணித்தியாலம் நிக்கிறதும் வேண்டாம், அந்தப் புகை முழுக்க மதிலுக்கு அங்கால இருக்கிற வீட்டுக் குசினிக்குள்ளதான் போகும்.

டிரைவரோட வான் பிடிக்கிறவைக்கு ஒண்டு. பகல் முழுக்க யாழ்ப்பாணத்தில இருந்து ஓடி வந்து எயார்போட்டில காத்து நிக்கிற மனுசனை அதே இரவு திரும்பி ஏழெட்டு மணித்தியாலம் ஓடச் சொல்லாதேங்கோ. அவர் மாட்டன் எண்டு சொல்லமாட்டார், அது அவரின்ர பிழைப்பு. விடியப்புறம் டிரைவர் நித்திரையாகி ஏ9 இல வான் மோதி குடும்பமாச் செத்த செய்தியள் எத்தினை பாத்திட்டம். நீர்கொழும்புப் பக்கம் தங்கி, அவருக்கும் ஒரு அறை எடுத்துக் குடுத்து, விடிய வெளிக்கிடுங்கோ. அந்தக் காசில மிச்சம் பிடிக்கவேண்டாம்.

குடிச்சா ஓடாதேங்கோ. சட்டத்தில 100 மில்லிலீற்றர் இரத்தத்தில 80 மில்லிகிராம் எண்டு இருக்கு, அந்தக் கணக்கைப் பாத்துக் குடிக்கவும் வேண்டாம்.

ஏதும் தட்டுப்பட்டா முதல்ல ஆருக்கும் காயமோ எண்டு பாருங்கோ. அம்புலன்ஸுக்கு 1990, காசு இல்லை, 2018 இல இருந்து வடக்கிலயும் ஓடுது. பொலிசுக்கு 119. கூடின சனத்தோட சத்தம் போடாம, வாகனச் சொந்தக்காரருக்கும் இன்சூரன்ஸுக்கும் உடன போன் பண்ணி, அவையள் வந்து படம் எடுக்கிற வரைக்கும் நில்லுங்கோ, காசைக் குடுத்து அந்த இடத்திலயே முடிச்சுப்போட்டு வந்தா பிறகு இன்சூரன்ஸில கதைக்கேலாது. சின்னப் பிழைக்கு பொலிஸ் தண்டம் எழுதித் தந்தா 14 நாளுக்குள்ள கட்டவேணும், அந்தத் துண்டோட தபால் கந்தோரில கட்டலாம், பிளைட் ஏறுறதுக்கு முதல் கட்டிப்போட்டு ரசீதை வாகனச் சொந்தக்காரரிட்டயும் காட்டுங்கோ.