அடுக்ககத்தில் தகராறா? முதலில் பத்திரத்தைக் கையில் எடுங்கள்

கும்பகோணத்தில் எங்கள் அடுக்ககம் சின்னது. மூன்று மாடி, ஒன்பது வீடு, லிப்ட் கிடையாது. நான்கு வருடமாக நான்தான் சங்கச் செயலாளர். தஞ்சாவூர், மயிலாடுதுறை, ஸ்ரீரங்கம் என்று டெல்டா முழுக்க, ஓட்டு வீடு இருந்த மனைகளில் இப்படி எட்டு, பத்து வீட்டுக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. இங்கே மேனேஜர் எல்லாம் இல்லை. மோட்டார் போடுகிறவரே கணக்கும் எழுத வேண்டும். முதல்முறை பொறுப்புக்கு வருகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பத்திரத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள்

சொத்து விவரம் அங்கேதான் இருக்கும். மொத்த மனை எவ்வளவு, அதில் உங்களுக்கு உள்ள பிரிபடாத பாகம் (எல்லோரும் யூடிஎஸ் என்பது இதைத்தான்) எத்தனை சதுர அடி, உங்கள் வீடு எது என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். மாடிப்படி, சம்ப், மொட்டை மாடி ஆகியவை யாருக்கும் தனியாக எழுதிக் கொடுக்கப்படாவிட்டால் எல்லோருக்கும் பொது.

எங்கள் மூன்றாவது மாடிக்காரர் ஒருநாள் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். வடாம் காயப்போடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். சண்டை போடாமல் அவருடைய பத்திரத்தையே அவர் முன்னால் வாசித்தோம். மறுநாள் பூட்டு இல்லை.

பார்க்கிங்கும் இப்படித்தான். தூண்களுக்கு நடுவில் உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கைக் கட்டுநர் தனியாக விலை பேசி விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது.

படி 2: சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

வாட்ஸ்அப் குழு சங்கம் ஆகாது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து, துணை விதிகளுடன் (சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் பைலா) மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். அதன்பின் வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். 2022-ல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்து, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஆகவே பக்கத்துக் கட்டடத்தின் பழைய துணை விதியை ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். புதுச் சட்டத்தைப் பார்த்து எழுதுங்கள்.

படி 3: தீர்மானப் புத்தகம்

ஒரு லாங் சைஸ் நோட்டு போதும். பக்க எண் போட்டுக்கொள்ளுங்கள். "பராமரிப்புத் தொகை மாதம் ரூ.1,500, 10-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும், பூட்டிய வீட்டுக்கும் பொருந்தும்" என்று தெளிவாக எழுதி, வந்தவர்கள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். "எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்" என்று மொட்டையாக எழுதினால் பின்னால் உதவாது.

இதோடு இன்னொன்று. 10 வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிப்ட் இல்லாமல் இருந்தால் பொது மின் இணைப்புக்குக் குறைந்த கட்டணம் என்று 2023-ல் அரசு அறிவித்தது. உங்கள் மோட்டார் மீட்டர் எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

படி 4: பணம் கட்டாதவர்

நம் ஊரில் பாதித் தகராறு இதுதான். வீட்டை வாங்கிப் பூட்டிவிட்டு சிங்கப்பூர், துபாய் என்று போய்விடுகிறார்கள். எங்கள் இரண்டாவது மாடி வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து போனில், "அண்ணே, நான் குடியே இல்லை, எனக்கு எதுக்கு மெயின்டனன்ஸ்?" என்றார். அவர் இல்லாவிட்டாலும் மாடிப்படி விளக்கு எரிகிறது, அவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுப் பூச்சு பூசுகிறோம். பொதுச் சொத்தில் பாகம் இருந்தால் பொதுச் செலவிலும் பாகம் உண்டு.

கோபத்தில் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். அந்த வீட்டில் வாடகைக்கு யாராவது இருந்தால், தண்ணீரையும் மின்சாரத்தையும் உரிமையாளரோ மேலாளரோ தடுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டமே சொல்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டாம்.

எழுத்தில் கேளுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எவ்வளவு என்று ஒரு பட்டியல், தீர்மானத்தின் நகல், 15 நாள் அவகாசம். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

காலக்கெடுவை மறக்கவே கூடாது. பண பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த மூன்று வருடம் முடிவதற்குள் அவர் "பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். சிங்கப்பூர்த் தம்பி பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது காபி கொடுத்து உட்காரவைத்து, கணக்கைக் காட்டி, அப்படி ஒரு கடிதம் வாங்கினேன். மூன்று தவணையில் கட்டி முடித்தார்.

படி 5: கசிவு

ஐப்பசி அடைமழையில் கூரை சொட்டினால் எல்லோரும் மேல் வீட்டைத்தான் திட்டுவார்கள். அவசரப்படாதீர்கள். மேல் வீட்டுக் குளியலறையில் கலர் பொடி கரைத்த தண்ணீரை ஒரு நாள் தேக்கி, கீழே அதே நிறம் இறங்குகிறதா என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து பாருங்கள். தேதியோடு படம் எடுங்கள். எங்கள் கீழ் வீட்டுப் பூஜையறையில் சொட்டியதில் நிறமே இல்லை; வெளிச் சுவர் வெடிப்பு வழியாக மழைநீர் வந்திருந்தது.

கட்டுமானக் குறையாக இருந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் எழுதிக் கொடுங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி கட்டுநர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

படி 6: எங்கே போவது

சங்கக் கணக்கில் குளறுபடி என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் மனுக் கொடுத்து மாவட்டப் பதிவாளரை விசாரிக்கக் கேட்கலாம்.

அக்கம்பக்கத் தகராறுக்கு நான் சொல்வது லோக் அதாலத், அதாவது சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றம். நாளைக்கும் அதே மாடிப்படியில் முகம் பார்க்க வேண்டியவர்கள் நாம். தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம், வழக்குப் போடாமலே மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வருகிற முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. போகும்போது பத்திர நகல், துணை விதி, தீர்மானப் புத்தகம், தபால் ரசீது நான்கையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்.