விதையிலிருந்து அடீனியம்: மாரியில் அழுகாமல் வளர்ப்பது எப்படி?

எங்கள் யாழ்ப்பாணத்து முற்றங்களில் அடீனியம் வெயிலில் சாவதில்லை, மாரியில்தான் அழுகுகிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலங்களிலும், கிழக்கு ஆபிரிக்காவிலும், அரேபியாவிலும் தானாக முளைக்கும் செடி இது. பருத்த அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். வறட்சி கடுமையானால் இலையை உதிர்த்துவிட்டு வெறும் கொப்பில் பூக்கும். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் விதை. இரட்டைக் கொம்பு போன்ற காய் முற்றியதும் நூலால் சுற்றிக் கட்டுங்கள். கட்டாவிட்டால் வெடித்து, எருக்கலை விதை போலப் பறந்துவிடும். தடியில் வெட்டி நட்டாலும் பிடிக்கும், ஆனால் அந்த அழகான பருத்த அடி விதைக் கன்றில்தான் ஒழுங்காக வரும்.

அடுத்தது மண். வலிகாமத்துச் செம்மண்ணை மட்டும் நிரப்பாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கழுவிய குருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு. சாடியின் அடியில் ஓட்டை கட்டாயம்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் விதையுங்கள். சீரகம் போன்ற விதையைப் படுக்க வைத்து, மேலே மெல்லியதாக மணல் தூவினால் போதும். ஒரு கிழமைக்குள் முளை தெரியும்.

இனித் தண்ணீர். இதில்தான் எல்லோரும் தவறுகிறோம். ஓர் ஈர்க்கை மண்ணுக்குள் ஆழமாகக் குத்தி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டியிருந்தால் ஊற்ற வேண்டாம். அப்புறம் அடித்தண்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். கல்லுப் போல இருந்தால் நல்லது. சற்றுச் சுருங்கி, மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். ஈர மண்ணில் கொழகொழவென்று உள்ளே போனால் அழுகல்: வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் ஒரு கிழமை காயவிட்டு, உலர்ந்த மணலில் நடுங்கள். நான் இப்படிக் காப்பாற்றிய செடி இன்றும் பூக்கிறது.

வெட்டினால் வரும் பால் நஞ்சு. அலரியின் இனம்தானே! ஆபிரிக்காவில் அம்பு நுனியில் பூசினார்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

ஐப்பசி பிறந்ததும் சாடியை விறாந்தை ஓரத்துக்கு மாற்றுங்கள், வெயில் படட்டும், மழை படக்கூடாது. இலை கொட்டினால் பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தையில் திரும்ப முற்றத்துக்குக் கொண்டுவந்தால், நுனியில் சின்னச் சின்னப் பச்சைத் துளிர் எட்டிப் பார்க்கும்.